பச்சைப் பெட்டி

அத்தியாயம் 8

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டில் நேசையாவைக் கூண்டில் ஏற்றி, குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. மணி பதினொன்று. நானும் ஃபெபியும் அவளுடைய ஸ்கூட்டரில் ஆத்தூரைத் தாண்டிப் புன்னக்காயல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஒரே ஒரு தாளைத் தேடி.

"ஏட்டையா, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க. இது போலீஸ் ஜீப் இல்ல."

"நீ ரோட்டப் பாரு."

"இருந்தாப் பாக்க மாட்டேனா?"

ஃபெபிக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். வாயால் வேலை போயிற்று. அந்த வாய்க்காகத்தான் நான் அவளைச் சேர்த்துக்கொண்டேன். நான் சத்தியநேசன். முப்பத்தொரு வருஷம் போலீஸில் இருந்து ஏட்டாக ரிட்டயர் ஆனவன். படிப்பு எட்டாம் வகுப்பு. கம்ப்யூட்டரை நம்ப மாட்டேன், மனுஷனை அதைவிட நம்ப மாட்டேன்.

வழக்கு இதுதான். ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் ஒரு கிணறு. அதிலிருந்து இரண்டு மோட்டார்கள் ஊருக்குத் தண்ணீர் இழுக்கின்றன. கிணற்றுக்கு அடியில் ஒரு கம்பி வலை. வாரத்துக்கு ஒரு தடவை ஆற்றில் மிதக்கிற அமலைச்செடி வந்து அடைத்துக்கொள்ளும். ஒரு ஆள் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். மாசி மாதக் கடைசியில் நேசையா இரண்டாவது மோட்டாரை நிறுத்திவிட்டு, குமரகுருபரன் என்ற ஹெல்ப்பரை இறக்கினார். முதல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இழுப்பில் சிக்கியவன் உயிரோடு மேலே வரவில்லை. அவனுக்கு முப்பத்துநாலு வயது. இதற்கு மேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

நேசையா அதுவரை மேல்நிலைத் தொட்டியில் வால்வு திருப்பிக்கொண்டிருந்தவர். கிணற்றுக்கு மாற்றி எட்டே நாள். "சுவத்துல படம் இருக்கு, அதுபடி செய்யும்" என்று ஒப்பந்தக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். படத்தில் மேல் பெட்டியில் '2-ஐ நிறுத்து' என்றுதான் இருந்தது என்கிறார் அவர். கம்பெனி கோர்ட்டில் கொடுத்த படத்தில் மேலே '1-ஐ நிறுத்து' என்று இருக்கிறது. அதற்கடுத்து 2. அதற்கப்புறம்தான் இறங்குவது. தான் கையெழுத்துப் போட்ட படம் அதுதான் என்று கம்பெனி என்ஜினீயர் ஸ்ரீகுமார் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்திருக்கிறான். சுவரில் இருந்த தாள் அன்றைய கூட்டத்தில் எங்கேயோ போய்விட்டது. நேசையா பொய் சொல்கிறார் என்று ஊர் முழுவதும் பேச்சு.

ஒருத்தி மட்டும் நம்பவில்லை. அவர் மகள் சாலோமி. அதே கம்பெனியின் பாளையங்கோட்டை ஆபீசில் வேலை முறைப் புத்தகங்கள் எழுதுகிறவள். விபத்துக்குப் பிறகு அவளைத் தபால் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "எங்க அப்பா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள். எல்லாத் திருடனுடைய மகளும் சொல்வதுதான். ஆனால் அவள் அழாமல் சொன்னாள். அதனால் கேட்டுக்கொண்டேன்.

"புன்னக்காயலுக்கு எதுக்குப் போறோம்? மீன் வாங்கவா?" என்றாள் ஃபெபி.

"கம்பெனிக்கு எத்தன பம்ப் ஹவுஸ்?"

"நாலு."

"புத்தகம் அடிக்கிறவன் நாலுக்கும் சேத்துத்தான அடிப்பான்? புன்னக்காயல்ல கிணறே கெடையாது. வர்ற தண்ணியத் தொட்டிக்குத் தள்ளுறது மட்டுந்தான். அங்க இந்தத் தாள யாருக்கும் வேண்டாம். வேண்டாத தாளத்தான் எவனும் கிழிக்க மாட்டான்."

"அடேங்கப்பா. இது எட்டாங்கிளாஸ் பாடத்துல இருந்துச்சா?"

"ஸ்டேஷன் சுவத்துல இருந்துச்சு. தொண்ணூறுல ஒட்டின நோட்டீஸ் நான் ரிட்டயர் ஆகும்போதும் அங்கனதான் இருந்துச்சு."

பம்ப் ஹவுஸில் மச்சாது என்ற ஆபரேட்டர் குழாயின் மேல் துண்டைக் காயப் போட்டுவிட்டு, பெஞ்சில் சாய்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. தண்ணி வரலன்னு மனுவா? அங்கன பெட்டில போடுங்க. நான் படிக்க மாட்டேன்."

"மனு இல்ல. சுவத்தப் பாக்க வந்தோம்" என்றாள் ஃபெபி.

"சுவரா? நாலு இருக்கு. பாத்துக்கிடுங்க."

ஒரு சுவரில் மாதா காலண்டர். இன்னொன்றில் ஓர் ஆணி. அந்த ஆணியில் கோழி இறகு மாதிரி ஒரு கொத்துத் தாள்.

"கம்பெனிலேர்ந்து மாசத்துக்கு ஒரு கட்டு வரும்" என்றார் மச்சாது. "மாட்டுன்னான், மாட்டுதேன். படின்னு சொல்லல."

"மாட்டும்போது பழையதக் கழத்த மாட்டீரா?"

"கழத்துன்னும் சொல்லல."

எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஃபெபி கொத்தை இறக்கி மேசையில் பரப்பினாள். மேலே வருகைப்பதிவுச் சுற்றறிக்கை. அதற்கடியில் தீயணைக்கும் விதி. ஆறாவது தாளில் அவள் கை நின்றது.

நாலு பெட்டி. ஒன்றின்கீழ் ஒன்று. மேல் பெட்டி நல்ல பச்சை. அதில் எழுதியிருந்தது: '2-ஐ நிறுத்து.' அடுத்தது, 'இறங்கிச் சுத்தம் செய்.' அடுத்தது, 'ஏறி வந்து ஓட்டு.' கடைசிப் பெட்டிதான், '1-ஐ நிறுத்து.' தாளின் அடியில் பொடி எழுத்தில் 14 என்று ஒரு நம்பர்.

அதற்கடுத்த தாளும் அதே படம்தான். ஆனால் பச்சை இல்லை. மேலே '1-ஐ நிறுத்து.' நம்பர் 13. கோர்ட்டில் இருக்கிற அதே தாள்.

"ஏட்டையா!" ஃபெபி என் தோளில் ஓங்கி அடித்தாள். "சொன்னது நிசம்! நேசையா சொன்னது அப்படியே நிசம்! கம்பெனிக்காரன் பழசக் கோர்ட்ல கொடுத்துட்டு, சுவத்துல வேற மாட்டியிருக்கான்!"

நான் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, சந்தோஷப்படுறதுக்கும் வாரண்ட் வேணுமா?"

"நேசையா நம்மகிட்ட எத்தன தடவ இந்தப் படத்தச் சொன்னாரு?"

"மூணு தடவ. பெட்டிக்குள்ள இருக்க எழுத்து உட்பட."

"பச்சைன்னு ஒரு தடவையாச்சும் சொன்னாரா?"

அவள் யோசித்தாள். நேசையா எங்களிடம் சொல்லவில்லை. போலீஸ் வாக்குமூலத்திலும் இல்லை. படம் முழுவதிலும் நிறம் உள்ள பெட்டி அது ஒன்றுதான். சாமி ஊர்வலத்தைப் பார்த்தவன் குடையையும் கொடிக்காரனையும் சொல்லிவிட்டுச் சாமியை மட்டும் மறந்தால், அவன் மறக்கவில்லை. மறைக்கிறான்.

"லேப்டாப்பத் திற" என்றேன். "நம்ம வக்கீல் காலைல ஒரு பென்டிரைவ் கொடுத்தாருல்ல? அதப் பாப்போம்."

கம்பெனி தன் பக்கம் சுத்தம் என்ற தைரியத்தில் புத்தகத்தின் மூலக் கோப்புகளை எல்லாம் கோர்ட்டுக்குக் கொடுத்திருந்தது. அதன் நகல்தான் பென்டிரைவில் இருந்தது. மச்சாது கோப்பையில் கட்டங்காப்பி கொண்டுவந்து வைத்தார். ஃபெபி திறந்து காட்டினாள். படமே இல்லை. வெறும் எழுத்து.

"படம் எங்க?"

"இந்தப் படத்த யாரும் வரையல ஏட்டையா. எழுதியிருக்காங்க."

"வெயில்ல வந்தது உனக்குத் தலைக்கு ஏறிட்டா?"

"கேளுங்க. புத்தகம் முழுசும் வெறும் எழுத்துதான். படம் வர வேண்டிய எடத்துலயும் எழுத்துதான். இதுக்கடுத்து இது, அதுக்கடுத்து அதுன்னு எழுதி வச்சிருவாங்க. அச்சடிக்கிற நேரத்துல மெஷின் அதப் படிச்சுப் பெட்டியும் கோடும் போட்டுக்கிடும்."

"எதுக்கு இந்தக் கோணங்கித்தனம்? ஒரு ஆள வச்சு வரைஞ்சா என்ன?"

"வரைஞ்ச படத்த மாத்தணும்னா மறுபடி மொதல்லேர்ந்து வரையணும். இதுல ஒரு வரியத் திருத்துனாப் போதும். யாரு திருத்துனா, என்னைக்குத் திருத்துனான்னு பேரோட பதிவும் ஆயிரும்."

"அப்ப திருடன் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் திருடணும்."

"ஆமா. அதான் நல்லவங்க இத வச்சிருக்காங்க."

பதின்மூன்றாம் தாளின் எழுத்தைக் காட்டினாள். தமிழில்தான் இருந்தது. நானே படித்தேன்.

மோட்டார்1 -> மோட்டார்2
மோட்டார்2 -> இறங்கு
இறங்கு -> ஓட்டு
ஓட்டு -> மோட்டார்1

"கடைசி வரி என்ன? ஓட்டின பெறகு மறுபடி ஒண்ணுக்கு எதுக்குப் போவுது?"

"அடுத்த வாரம் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்ல. வட்டமாச் சுத்தி வருது."

பிறகு பதினாலைத் திறந்தாள். அதே நாலு வரி. ஓர் எழுத்து மாறவில்லை. அதற்கெல்லாம் மேலே புதிதாக ஒரு வரி மட்டும்:

மோட்டார்2 [நிறம் = பச்சை]

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு பெட்டிக்குப் பச்சை. வேற ஒண்ணுமில்ல."

"பின்ன ரெண்டு எப்படி மேல போச்சு? ஸ்ரீகுமார் பயலோட வேல. எழுத்த விபத்துக்கப்புறம் திருப்பிப் போட்டிருப்பான்."

"தேதி அப்படிச் சொல்லல. திருத்தினா அதுக்கும் பதிவு இருக்கும்."

"தேதி சொல்லும். பேசுறதெல்லாம் பொய் சொல்லத் தெரிஞ்சதுதான். அந்தப் பச்சை வரிய அழி. அழிச்சுட்டுப் படம் போடச் சொல்லு."

அழித்தாள். படம் வந்தது. மேலே ஒன்று.

"திரும்ப எழுது."

எழுதினாள். நாலு பெட்டியும் சீட்டுக் குலுக்கின மாதிரி இடம் மாறி, பச்சை மேலே ஏறி உட்கார்ந்தது. ஒன்று அடியில் போய் விழுந்தது.

மூன்று தடவை செய்யச் சொன்னேன். மூன்று தடவையும் அப்படியே. மச்சாது பெஞ்சை விட்டு எழுந்துவந்து எங்கள் பின்னால் நின்று பார்த்தார். ஃபெபி வாயைத் திறந்து வைத்திருந்தாள், ஆனால் ஒன்றும் வரவில்லை. அதுவே ஓர் அதிசயம்.

எனக்குப் பிடிபட்டது.

"ஏ பிள்ள, டவுன்ல நாலு ரத வீதிய வரிசையா ஒரு தாள்ல எழுதுன்னா எதை மொதல்ல எழுதுவ?"

"நான் நிக்கிற தெருவ."

"வட்டத்துக்கு ஏது மொதல்? மெஷினும் உன்ன மாதிரிதான். வட்டத்த நீளவாக்குல நிறுத்தணும்னா எங்கயாவது வெட்டித்தான் ஆகணும். மொதல்ல எந்தப் பேரு காதுல விழுதோ அங்கன வெட்டுது. பச்சை வரில மோட்டார் ரெண்டு பேரு மொதல்ல வந்துட்டு. ரெண்டு மேல போயிட்டு."

ஃபெபி பதினாலாம் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் இருந்த 'ஒன்று' பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கோடு புறப்பட்டு, தாளின் ஓரமாகவே மேலே ஏறி, பச்சைப் பெட்டியில் முடிந்தது. அதன் நுனியில் கடுகளவு அம்புக்குறி.

"அம்புக்குறி எல்லாம் சரியா இருக்கு" என்றாள். "ஒண்ணுக்கப்புறந்தான் ரெண்டு. அதப் பாத்துப் போனா வேல சரி. மேலேர்ந்து படிச்சா ஆள் காலி."

"மேலேர்ந்து படிக்காம எவன் அடியிலேர்ந்து படிப்பான்?"

அப்படியானால் நேசையா சொன்னது உண்மை. ஸ்ரீகுமார் சொன்னதும் உண்மை. அவன் கையெழுத்துப் போட்டது பதின்மூன்றுக்கு. ஒரு நிறம் மாறினதற்கு எந்த என்ஜினீயரிடமும் கையெழுத்து வாங்க மாட்டார்கள். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் இரண்டு பக்கமும் உண்மை சொன்ன கேஸை நான் பார்த்ததில்லை.

ஃபெபிக்கு அது உறைக்கவில்லை. "திங்கட்கிழம இந்தத் தாள வக்கீல் கைல கொடுத்தா..."

"அந்தப் பச்சை வரிய எழுதினது யாரு?"

அவள் விரல் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு?"

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். நேசையா கிணற்று வேலையில் சேர்ந்ததற்கு முந்தின நாள் தேதி. பக்கத்தில் பெயர். சாலோமி.

அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தேன்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றேன்.

"தெரியாது. எழுதுறவ படத்தப் பாக்கல ஏட்டையா. பாக்கிறவன் எழுத்தப் பாக்கல. அவ வரிய எழுதி அனுப்பியிருப்பா, படம் அச்சடிக்கிற எடத்துல பிரிண்ட் போடும்போதுதான் பொறக்கும். கலர் போட்டாக் கலர் மாறும்னு நெனச்சிருப்பா. எடம் மாறும்னு யாரு நெனப்பா? பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்த நானே இப்பத்தான பாக்கேன்."

"அவ அப்பனுக்குத் தெரியும். பச்சையப் பத்தி அவரு ஏன் பேசலன்னு இப்பத் தெரியணும். வண்டிய எடு."

மச்சாது வாசல் வரை வந்தார். "அந்தத் தாள எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. எனக்கு எதுக்கு?" என்றார். முகத்தை லேஞ்சுத் துணியால் துடைத்துக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது போல.

ஏரலுக்கு வரும்போது இரண்டு மணி. வெயில் தெருவை வெள்ளையாக அடித்துப் போட்டிருந்தது. நேசையா வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சாலோமி வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார்.

நான் உட்காரவில்லை. தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதுல என்னவே தெரியுது?"

அவர் கை தாளைத் தொடும் முன்னால் பின்வாங்கியது. "இதுதான் ஏட்டையா. இதேதான். எங்க கிடைச்சுது?"

"என்ன தெரியுதுன்னு கேட்டேன்."

"பச்ச."

"பச்ச சரி. ஓரத்துல ஒரு கோடு மேல போவுது பாரும். அது நுனில என்ன இருக்கு?"

அவர் தாளை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். வாசல் பக்கம் திருப்பினார்.

"கோடே தெரியல" என்றார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா. ரெண்டு கண்ணுலயும் புரை." குரலை இறக்கினார். "பெரிய எழுத்து தெரியும். கலர் தெரியும். ரிட்டயருக்கு இன்னும் பதினெட்டு மாசந்தான் ஏட்டையா. தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். மகளுக்கும் சொல்லல. சேர்றதுக்கு முந்தின நாளே கிணத்தப் போய்ப் பாத்தேன். ரெண்டு மோட்டாரும் ஒரே அச்சு. ரெண்டாவதுக்கு அப்பத்தான் பச்ச பெயிண்ட் அடிச்சிருந்தான். படத்துலயும் அதுக்குப் பச்ச போட்டுரும்மா, எல்லாருக்கும் வசதியா இருக்கும்னு பாப்பாகிட்டச் சொன்னேன். நல்ல யோசனைன்னா. அன்னைக்கே போட்டுட்டா."

"அதனாலதான் போலீஸ்ல பச்சையச் சொல்லலியா?"

"சொன்னா எதுக்குப் பச்சன்னு கேப்பான். கண்ணப் பாப்பான். தண்டன கூடும்னு பயந்தேன்."

நான் எதையும் மூடிச் சொல்லிப் பழகாதவன். பச்சை என்ன செய்தது என்பதைச் சொன்னேன். வட்டத்தையும் சொன்னேன், வெட்டினதையும் சொன்னேன். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"இந்தத் தாளக் கோர்ட்ல கொடுத்தா?"

"நீரு பொய் சொல்லலன்னு ஆகும். அடுத்த நிமிஷம் கம்பெனி வக்கீல் எந்திரிச்சு, அம்புக்குறி சரியாத்தான இருக்கு, உமக்குக் கண்ணு இல்லையான்னு கேப்பான். உமக்குக் கண்ணு இல்ல. அதுக்கப்புறம் பச்ச போட்டது யாருன்னு கேப்பான். அவன் கைல ஒரு பேரு கிடைக்கும். நீரு வெளிய வருவீருன்னு என்னால சொல்ல முடியாது. அவ உள்ள மாட்டுவான்னு சொல்ல முடியும்."

ஃபெபி பொறுக்க மாட்டாமல் குறுக்கே வந்தாள். "அவ மேல என்ன தப்பு? ஒரு கலர் போட்டா. இதுல யாரு மேலயும் தப்பில்ல."

"யாரு மேலயும் தப்பில்லன்னா குமரகுருபரன் எப்படிம்மா செத்தான்?" என்றார் நேசையா.

ஃபெபி லேப்டாப்பைக் கையில் மாற்றிப் பிடித்தாள்.

"கோர்ட்ட விடுங்க" என்றார் அவர். "அவ எழுதின ஒரு வரில ஒருத்தன் போயிட்டான்னு தெரிஞ்சா அவளுக்குத் தூக்கம் வராது. நான் ரெண்டு மாசமாத் தூங்கல. ஒரு வீட்டுல ரெண்டு பேரு எதுக்கு?"

தாளை ஃபெபியிடம் நீட்டினார். அவள் வாங்கி லேப்டாப்புக்குள் வைத்து மூடினாள். பென்டிரைவின் இன்னொரு நகல் வக்கீலிடம் இருக்கிறது. அஞ்சு வரியில் ஒரு வரி நிறம். அவர் எத்தனை தடவை படித்தாலும் அதில் ஒன்றும் பார்க்க மாட்டார்.

கேட் சத்தம் கேட்டது. சாலோமி வந்தாள். சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றினாள். எங்களைப் பார்த்ததும் முகம் மாறிற்று.

"கிடைச்சுதா ஏட்டையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நேசையா முந்திக்கொண்டார்.

"கிடைச்சுது பாப்பா. புன்னக்காயல்ல இருந்துச்சாம்."

"நான் சொன்னேன்ல!"

"மேல ஒண்ணுதான் இருக்கு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் பிறத்தியாருடைய பொய்யைப் பிடித்தவன் நான்.

"ஆமாம்மா" என்றேன். "ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப நீங்க ரெண்டுன்னு..."

"நான் படத்தயே பாக்கல" என்றார் நேசையா. தரையைப் பார்த்துக்கொண்டு, பைய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "சோம்பல்ல பாக்காம, ஒண்ண மறந்துட்டு அவன இறக்கிட்டேன். பெறகு பயத்துல அப்படிச் சொல்லிட்டேன்."

"போலீஸ்கிட்டச் சொன்னீங்க. சரி. எங்கிட்ட?"

"உங்கிட்டயுந்தான்."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா."

"திங்கக்கிழம என்ன சொல்லப் போறீங்க?"

"ஒத்துக்கிடப் போறேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழவில்லை.

"குமரகுருபரன் வீட்டு வாசல்ல, வேணியக்கா முன்னால போயி நின்னேன்ப்பா" என்றாள். "அவங்க புருசன் செத்துப் பதினஞ்சு நாள்கூட ஆகல. எங்க அப்பா படத்துல உள்ளபடிதான் செஞ்சாங்க, உங்க வீட்டுக்காரருதான் அவசரப்பட்டு எறங்கியிருப்பாருன்னு தெருவே கேக்கச் சத்தம் போட்டேன். அந்தக் குழந்த உள்ளேர்ந்து பாத்துக்கிட்டு நின்னுச்சு."

நேசையா நாற்காலியின் கையை மட்டும் பிடித்திருந்தார்.

"அவங்ககிட்டப் போறேன்" என்றாள். "போயிச் சொல்லணும்ல."

யாரும் தடுக்கவில்லை. அவள் திரும்பி, படியிறங்கி, கேட்டைத் திறந்து போனாள். தெருவில் நிழலே இல்லை. அவள் வேகமாகத்தான் நடந்தாள். மூலையில் திரும்பும்வரை நானும் ஃபெபியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நேசையாவும் அந்தப் பக்கம்தான் முகத்தை வைத்திருந்தார்.

"போயிட்டாளா ஏட்டையா?"

"போயிட்டா."

"செருப்புப் போட்டுட்டுப் போனாளா? ரோடு கொதிக்குமே."

வாசலில் பார்த்தேன். செருப்பு இரண்டும் படிக்குக் கீழே கிடந்தன.

"போட்டுட்டுத்தான் போறா" என்றேன்.